வெறுமையாகத் திரும்பாத தூக்குவாளி

அவர் வீட்டுக்குள் போன எந்தப் பாத்திரமும் வெறுமையாக வெளியே வந்ததில்லை. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் குழம்பு வந்தால், அந்தக் கிண்ணம் திரும்பும்போது அதில் இரண்டு முருங்கைக்காயோ, ஒரு பிடிச் சீனியோ, குறைந்தபட்சம் ஒரு கொத்துக் கறிவேப்பிலையோ இருக்கும். இது எங்கள் பக்கத்தில் எல்லா வீடுகளிலும் உள்ள மரியாதைதான். ஆனால் மற்றவர்களுக்கு மரியாதையாக இருந்தது அவருக்கு நீதியாக இருந்தது. எது வந்ததோ அதற்கு ஈடானது போயாக வேண்டும். நல்லது வந்தால் நல்லது. வேறு ஏதாவது வந்தால் அதுவும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் குடியிருந்த தெருவில் ஓர் அம்மாள் இருந்தார். ஒரு தை மாதத்தில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்துவிட்டுத் திரும்பியவர், வாசல் தாண்டியதும் இன்னொரு பெண்ணிடம், "நெத்தி முடி நரைச்சிருச்சு, இன்னும் ஒருத்தன் வரல. எம்புட்டுப் படிச்சு என்ன?" என்று சொல்லியிருக்கிறார். உள்ளே இருந்தவருக்கு அது கேட்டுவிட்டது. மறுநாள் அந்தக் கிண்ணம் நிறையப் பாகற்காய்ப் பொரியல் போனது. வெல்லம் சேர்க்காமல், நீர் பிழியாமல், எண்ணெயை மட்டும் தாராளமாக விட்டு வதக்கியது.

"ஏங்க, இம்புட்டுக் கசக்குதே?" என்று அந்த அம்மாள் வந்து கேட்டார்.

"நீங்க கொடுத்தது இனிப்பா இருந்துச்சு, சொன்னது கசப்பா இருந்துச்சு. ரெண்டுல எதைத் திருப்பித் தாரதுன்னு செத்த நேரம் யோசிச்சேன்" என்றார் இவர், சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பில் கோபத்தின் சாயல்கூட இருக்காது. அதுதான் பார்ப்பவரைக் கலங்க வைக்கும்.

நான் அவரோடு சில ஆண்டுகள் வேலை செய்தேன். சமூகப்பணியில் முதுகலை முடித்த கையோடு, ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடைப்பட்ட சாலையோரம் இயங்கிய ஒரு சிறிய அறக்கட்டளையில் சேர்ந்திருந்தேன். நூற்பாலை இயந்திரங்களின் உதிரிப் பாகங்களுக்குத் துத்தநாகமும் செம்பும் முலாம் பூசித் தரும் பட்டறைகள் அந்தச் சுற்றுவட்டாரத்தில் உண்டு. அவை கழிக்கும் கசடு ஓடைகளில் சேராமல் தடுப்பதே எங்கள் வேலை. ஊர் ஊராகப் போய்ப் பேசுவது என் பங்கு. கசடை என்ன செய்வது என்று கண்டுபிடிப்பது அவர் பங்கு. வேதியியலில் உயர்பட்டம் பெற்றவர். ஒரு கல்லூரியில் விரிவுரையாளராக இருந்து விலகியவர். நான் அவரை அக்கா என்றே அழைத்தேன். அவர் என்னை, எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைகளை உரிமையோடு கூப்பிடுவதுபோல், ஏட்டி என்பார்.

கல்லூரியிலிருந்து விலகிய காரணத்தை அவர் சொன்னதில்லை. அங்கிருந்து வந்த ஒருவர் சொன்னார். துறைத்தலைவர், அக்காவின் ஆய்வுக்கட்டுரை ஒன்றில் அக்காவின் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரை வைத்துக்கொண்டார். அடுத்து நடந்த ஆண்டு விழாவில் அதே மனிதர் அக்காவுக்கு நினைவுப் பரிசாக ஒரு பிளாஸ்டிக் பூச்சாடியைக் கொடுத்தார். அக்கா அதைத் துடைத்துப் பத்திரமாக வைத்திருந்தார். துறைத்தலைவர் ஓய்வு பெற்ற நாளில், வேலையை விட்டுப் போயிருந்த அக்கா அழையா விருந்தாளியாகப் போய், அதே சாடியில் உண்மையான சம்பங்கியைச் செருகி மேடையில் கையில் கொடுத்தார். "ஐயா கொடுத்தது வெறுஞ்சாடி. பூ மட்டும் என்னோடது" என்று ஒலிபெருக்கியிலும் சொல்லிவிட்டு இறங்கினார். சபையில் பாதிப் பேருக்கு அது பாராட்டாகப் பட்டது. புரிய வேண்டியவருக்குப் புரிந்தது.

அவருடைய ஆய்வுக்கூடம் மூட்டைகள் அடுக்கி வைத்திருந்த ஒரு பழைய பஞ்சுக் கிட்டங்கி. அங்கேதான் அந்தத் திரவத்தை நான் முதலில் பார்த்தேன். கோழித்தீவனத்தில் சேர்க்கிற கோலின் குளோரைடு என்ற வெள்ளைப் பொடி ஒரு தட்டில். வயலுக்குப் போடுகிற யூரியா இன்னொரு தட்டில். இரண்டும் கெட்டிப் பொருள்கள். இரண்டையும் கலந்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமல், மிதமாகச் சூடேற்றினார். கலவை ஓரங்களில் வியர்த்தது. பிறகு நடுவில் குழைந்தது. பிறகு மொத்தமும் தேன்போன்ற தெளிந்த திரவமாகிவிட்டது. தனித்தனியே இருந்தபோது அந்தச் சூட்டுக்கு இளகாத இரண்டும், சேர்ந்ததும் இளகிவிட்டன. உலர்த்திய கசடை அதில் போட்டு மெல்லக் கிளறினால் துத்தநாகமும் செம்பும் கரைந்து வரும். இரும்பு கரையாமல் செம்மண்ணாக அடியில் நிற்கும். பிறகு மின்சாரம் செலுத்தினால், கரைந்த உலோகம் தகட்டில் படியும். திரவத்தை மீண்டும் பயன்படுத்தலாம்.

பார்க்க வருகிறவர்களிடம் நான் இதைப் பசுமைக் கரைப்பான் என்று விளக்குவேன். ஒருமுறை மம்சாபுரத்திலிருந்து வந்த விவசாயி ஒருவர், "பசுமைன்னா குடிக்கலாமாம்மா?" என்று கேட்டார்.

"யூரியாவ நீங்க குடிப்பீங்களா அண்ணாச்சி?" என்றார் அக்கா. "ஆசிட் அளவுக்குக் கெடுதல் பண்ணாது, அம்புட்டுத்தான். இது ஒண்ணும் தீர்த்தம் இல்ல."

மிகைப்படுத்துவதை அவர் அனுமதிப்பதில்லை. இது மெதுவான வேலை, திரவம் பிசுபிசுப்பானது, கசடு ஈரமாக வந்தால் கெட்டுவிடும் என்று குறைகளையும் கூடவே சொல்லச் சொல்வார். ஆனால் அவருக்கு அந்தத் திரவத்தின்மேல் இருந்த பற்று அறிவியல் சார்ந்தது மட்டுமன்று என்பது ஒரு நாள் தெரிந்தது. ஏன் அமிலத்தைக் கொண்டே சீக்கிரம் முடித்துவிடக் கூடாது என்று கேட்டேன்.

"ஆசிட்டுக்கு வேண்டியவன், வேண்டாதவன் தெரியாதுட்டி. துத்தநாகம், இரும்பு, கிளறுற கரண்டி, உன் வெரலு, எல்லாத்தையும் தின்னுரும். அது கோவம். இது அப்படி இல்ல. யார் வேணுமோ அவனை மட்டும் கூட்டத்துக்குள்ளருந்து கைபிடிச்சு இழுத்துட்டு வரும். மத்தவனத் தொடாது."

"இதுக்கு என்ன பேருக்கா?"

"பகை" என்றார், குடுவையை வெளிச்சத்துக்கு உயர்த்திப் பார்த்தபடி.

அந்தப் பகைக்கு ஒரு முகவரி இருந்தது. அவருடைய தம்பி பட்டாளத்தில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவர். வந்த தொகையில், மேற்கு மலையிலிருந்து இறங்கி வரும் ஓர் ஓடையின் ஓரத்தில் கொய்யாவும் எலுமிச்சையும் வைத்து ஒரு தோட்டம் உண்டாக்கினார். கிணற்றில் நல்ல நீர். சில ஆண்டுகளில் அந்த நீரில் ஓர் உலோக வாடை வந்தது. எலுமிச்சை முதலில் இலை மஞ்சளித்தது, பிறகு கொய்யா. தோட்டத்துக்கு மேலே, ஓடையின் போக்கில் ஒரு முலாம் பட்டறை இருந்தது. தம்பி போய் முறையிட்டார். பட்டறை முதலாளி அமைதியாகக் கேட்டார், தன் கழிவு முழுதும் அரசு அனுமதி பெற்ற கிடங்குக்கு லாரியில் போவதாகச் சொன்னார், அனுதாபப்பட்டார், கடைசியில், "தோட்டம் போனா என்ன, நம்ம கேட்டுல நில்லுங்களேன்" என்று காவலாளி வேலையும் கொடுத்தார். பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். தம்பி ஏற்றுக்கொண்டார்.

அக்கா தினமும் மதியம் தம்பிக்கு ஒரு எவர்சில்வர் தூக்குவாளியில் சோறு அனுப்புவார். எங்கள் கூடத்துப் பணிப்பெண் ஒருவர் அந்த வழியாகப் போகிறவர். அவர் கையில் போகும், அவர் கையிலேயே வரும். தோட்டம் செழிப்பாக இருந்த காலத்தில் அந்த வாளி கொய்யாவோடு திரும்புமாம். நான் பார்த்த காலத்தில் கொய்யா இல்லை. ஆனாலும் வாளி வெறுமையாக வந்ததில்லை. ஒரு நாள் நாலு புளியங்காய். ஒரு நாள் கைப்பிடி வேப்பம்பூ. ஒன்றும் அகப்படாத நாளில் பட்டறை வாசலில் கிடந்த மயிலிறகு. அக்கா வேலையை நிறுத்திவிட்டு வந்து மூடியைத் திறப்பார். அவர் முகம் இளகி நான் கண்டது அந்த நேரத்தில் மட்டும்தான்.

கணக்கெடுப்புக்காக நாங்கள் இருவரும் அந்தப் பட்டறைக்கு ஒருமுறை போனோம். முதலாளியின் கார் உள்ளே நுழைந்தபோது தம்பி குதிகாலைச் சேர்த்து, நெஞ்சை நிமிர்த்தி, விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். காரிலிருந்து இறங்கியவர் எங்களைப் பார்த்து மலர்ந்தார்.

"பாத்தீங்களா மேடம்? இந்த மாதிரி சல்யூட்டு கலெக்டருக்குக்கூடக் கெடைக்காது. உங்க தம்பி வந்த பொறவுதான் நம்ம பட்டறைக்கே ஒரு கெத்து."

"ஆமா சார். நல்லா நிக்கான்" என்றார் அக்கா.

"தோட்டம் போச்சேன்னு மனசு ஒடஞ்சு வந்தாரு. நாமதானே ஒரு எடம் கொடுத்தோம்."

"நீங்க கொடுத்ததுதான் சார் எல்லாம்" என்றார். "மறக்க மாட்டேன்."

முதலாளி அதை நன்றி என்று எடுத்துக்கொண்டார். அந்தத் தீபாவளிக்கு, சுற்றியுள்ள தோட்டக்காரர்கள் எல்லோருக்கும் கொடுப்பது போல, அக்காவுக்கும் ஓர் எவர்சில்வர் டப்பாவில் இனிப்பு அனுப்பினார். இனிப்பைக் கூடத்தில் இருந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டு, டப்பாவைக் கழுவி அலமாரியில் வைத்தார் அக்கா. அது மட்டும் உடனே திரும்பிப் போகவில்லை. "இதுக்கு ஏத்தது இன்னும் ஆகல" என்றார்.

அடுத்து வந்த கார்த்திகையில் அவர் தம்பியின் கிணற்றடிச் சேற்றை உலர்த்தி ஒரு குடுவையிலும், கணக்கெடுப்பின்போது எடுத்து வந்திருந்த பட்டறைக் கசடை இன்னொரு குடுவையிலும், அதே திரவத்தில் கரைத்தார். மாலைக்குள் இரண்டிலும் நீலம் கலந்த பச்சை ஏறியது. அடியில் தங்கிய செம்மண்ணும் ஒன்றுபோல் இருந்தது. நிறத்தை மட்டும் நம்பாமல் வெளியே ஓர் ஆய்வகத்துக்கும் அனுப்பி உறுதி செய்துகொண்டார். நாங்கள் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு எழுதினோம். அலுவலர்கள் முதலாளியைத் தங்கள் அலுவலகத்துக்கு வரவழைத்து விசாரித்தார்கள். ஓடையில் கிடப்பது தன்னுடையது என்பதற்கு என்ன ஆதாரம், மேலே இன்னும் எத்தனையோ பட்டறை இருக்கிறதே என்று முதலாளி கேட்டார். லாரி ஓடையில் கொட்டுவதை ஒருவரும் பார்த்ததில்லை. எல்லாப் பட்டறைகளும் இனிக் கசடை எங்கள் கூடத்துக்கு அனுப்ப வேண்டும் என்ற அறிவுரையோடு அது முடிந்தது.

"தம்பிக்குச் சொல்லிட்டீங்களாக்கா?" என்று கேட்டேன். கிடங்குக்குப் போவதாக நம்பி அவர் கதவைத் திறந்துவிடும் லாரிதான் அவருடைய தோட்டத்தைக் கொன்றிருக்கிறது. வேறு எவரையும்விட அவருக்கு அது தெரிந்தாக வேண்டும் என்று நான் நினைத்தேன்.

"சொன்னா அன்னைக்கே வேலைய விட்டுட்டு வந்துருவான். கேட்டுல வேற எவனாவது நிப்பான்" என்றார். "இருக்கட்டும். ஒரு நா அந்தக் கேட்டுல நம்ம ஆளு வேணும்."

அவருடைய மௌனத்தின் விளைவுகளை நான் அப்போதிலிருந்தே எடைபோட்டுக்கொண்டிருந்தேன். பட்டறையை மூடவைப்பது எங்கள் நோக்கமன்று. அங்கே வேலை செய்பவர்களுக்கு வேறு பிழைப்பில்லை. ஓடையை நம்பியிருப்பவர்களோ அதைவிட அதிகம். தவறு செய்தவரை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும், மற்றவரைத் தொடக்கூடாது என்ற அக்காவின் கொள்கையில் எனக்கு உடன்பாடுதான். ஆனால் அவர் தேர்ந்தெடுத்த முறையில் தம்பி எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது எனக்கு விளங்கவில்லை.

பட்டறைகளிலிருந்து நீல ட்ரம்களில் கசடு வரத் தொடங்கியது. அந்த முதலாளியும் ஊர் பார்ப்பதற்காக ஒரு பகுதியை அனுப்பினார். உலோகத்தை எடுத்தபின் மிஞ்சும் இரும்புச் செம்மண்ணைச் சிமெண்டுக் கலவையில் சேர்த்துக்கொள்ள ஓர் ஆலை இசைந்திருந்தது. ஆகவே மற்றவர்களின் ட்ரம்கள் கழுவித் திரும்பின. அந்த ஒருவருடைய ட்ரம்கள் மட்டும் செம்மண் நிரம்பித் திரும்பின. மூடியின்மேல், சீர் அனுப்பும் பாத்திரத்துக்கு வைப்பதுபோல், மஞ்சளும் குங்குமமும் தீற்றியிருந்தது.

முதலாளி தொலைபேசியில் கூப்பிட்டார். அக்கா ஒலிபெருக்கியில் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.

"என்ன மேடம், கொடுத்த ட்ரம்மு அப்படியே நெறஞ்சு வருது?"

"அப்படியே இல்ல சார். துத்தநாகத்த எடுத்துக்கிட்டோம். மிச்சம் உங்களோடது."

"அடுத்தவங்க ட்ரம்மெல்லாம் காலியாத்தானே போகுது?"

"உங்க வீட்டுப் பாத்திரத்த வெறுசா அனுப்ப மனசு வரல சார்."

அவர் தொலைபேசியை வைத்துவிட்டார். நான் அன்று கொஞ்சம் கடுமையாகவே பேசினேன். "பட்டறைக்குள்ள எடம் நெறஞ்சதும் அவர் அதை எங்க கொண்டு போவாரு? ஓடைக்குத்தானேக்கா? கீழ இருக்கிற கிணறுகளுக்கு யார் பதில் சொல்றது?"

"கொண்டு போகப் பாப்பாரு. அதுக்குத்தான் நெறைச்சு அனுப்புதேன்."

"பாத்தா?"

"கேட்டுல என் தம்பி நிக்கான்."

"அவருக்குத்தான் ஒண்ணும் தெரியாதே!"

"தெரியாது. ஆனா கிறுக்கன் இல்ல" என்றார்.

ஆடிப்பூரத் தேரோட்ட நாள் வந்தது. மாவட்டத்துக்கே விடுமுறை. ஸ்ரீவில்லிபுத்தூரை நோக்கி எல்லாச் சாலைகளிலும் ஜனம். போலீசும் அலுவலர்களும் தேரடியில். வடம் பிடிக்கப் போகாதவர்கள் குறைவு. ஓடைக்கரைத் தோட்டங்களில் ஒரு மனிதர் இருக்கமாட்டார். முதலாளி அந்த நாளைத் தேர்ந்தெடுத்தது இதற்காகத்தான். தேரடியில் அவருக்கு அன்னதானப் பந்தல் இருந்தது. அங்கிருந்தபடியே, செம்மண் ட்ரம்களை லாரியில் ஏற்றி வெளியே எடுக்கும்படி ஓட்டுநருக்குச் சொல்லியிருந்தார்.

வாசலில் நடந்ததை அந்த ஓட்டுநரே பின்னால் என்னிடம் சொன்னார். லாரி வந்ததும் தம்பி வழக்கம்போலக் கதவண்டை போனார். பூட்டைத் திறக்கக் கையை வைத்தவர் நின்றார்.

"எங்கலே போகுது வண்டி?"

"கெடங்குக்குண்ணே. தெரியாத மாதிரி கேக்கீங்க?"

"கெடங்கு இன்னைக்கு லீவுல்லா? மாவட்டத்துக்கே லீவு விட்டுருக்காவ. அங்க கேட்டத் தொறக்க எவன் இருப்பான்?"

ஓட்டுநர் அதற்குத் தயாராக இல்லை. முதலாளியும் இல்லை. ஊர் முழுக்கத் தேருக்குப் போய்விடும் என்று கணக்குப் போட்டவருக்கு, கிடங்குக்காரனும் ஊர்க்காரன்தான் என்பது தோன்றவில்லை.

"சரிண்ணே, எதுக்கு ஒங்ககிட்ட மறைக்க? எப்பவும் போற எடந்தான். ஓடைல சரிச்சுட்டு வந்துருவோம். செத்த நேரம். தொறங்க, நானும் தேருக்குப் போணும்."

"எந்த ஓடை?"

"ஒங்க தோட்டத்துக்கு மேலாப்ல இருக்கே, அந்த..." என்று சொல்லிவந்த ஓட்டுநர் அங்கேயே நிறுத்திக்கொண்டாராம். தம்பி பூட்டிலிருந்து கையை எடுத்தார். பெரிய கதவுக்குள் இருக்கும் சிறு திட்டிக்கதவு வழியாக வெளியே வந்து, அதையும் பூட்டி, சாவிக்கொத்தோடு சைக்கிளில் ஏறிவிட்டார். லாரியும் ட்ரம்களும் ஓட்டுநரும் உள்ளே. மாற்றுச் சாவி, பூட்டிக் கிடந்த முதலாளியின் அறைக்குள். முதலாளியின் தொலைபேசிக்கு எத்தனை முறை அழைத்தாலும், கொட்டுச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை.

நாங்கள் அன்றும் கூடத்தைத் திறந்து வைத்திருந்தோம். திரவம் பாதி வேலையில் இருந்தது. தம்பி காக்கிச் சட்டை முழுக்க வியர்வையோடு உள்ளே வந்து, சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தார். வாசலில் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார். அக்கா என்னைப் பார்த்து, "ஆபீசருக்குப் போன் போடு. லோடு வண்டியிலயே இருக்கு, மூடில என் மஞ்சளும் இருக்குன்னு சொல்லு" என்றார். குரலில் அவசரமே இல்லை. எத்தனையோ முறை மனத்துக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியம் அது என்பது கேட்டவுடன் தெரிந்தது.

தம்பிக்கும் தெரிந்தது.

"ஒனக்கு முன்னமே தெரியுமாக்கா?"

"தெரியும்."

"எப்பருந்து?"

"கார்த்திகையிலருந்து."

"கார்த்திகைக்குப் பொறவு எத்தனை வாட்டி தொறந்து விட்டுருப்பேன்? என் கெணத்துக்குப் போற வெசத்துக்கு, நானே கேட்டத் தொறந்து, பின்னால நின்னு சல்யூட்டும் அடிச்சிருக்கேன். நீ தெனம் சோறு கொடுத்துவிட்டுக்கிட்டு இருந்திருக்க."

"சொல்லியிருந்தா நீ நின்னுருக்க மாட்ட. நீ நின்னதாலதான் இன்னைக்கு அவன் மாட்டுனான்."

"அவனைப் பழிவாங்கு. நான் வேண்டாங்கல. எனக்கு இல்லாத வெறியா?" என்றார் தம்பி. "பட்டாளத்துலகூட, எதுக்கு நிக்கோம்னு சொல்லிட்டுத்தான் சென்ட்ரி நிறுத்துவாவ."

தம்பி தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். சைக்கிள் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் திரும்பவில்லை. தோட்டத்துப் பக்கம் போனது. அது கண்ணுக்கு மறையும்வரை அக்கா நின்று பார்த்தார் என்று எழுத ஆசைதான். அவர் பார்க்கவில்லை. கொத்திலிருந்து பெரிய கதவின் சாவியைக் கழற்றி, தேய்த்துக் கழுவி, ஒரு கம்பியில் கோத்துக்கொண்டிருந்தார். தம்பியின் கிணற்றுச் சேற்றிலிருந்து பிரித்த துத்தநாகம், திரவத்தில் கரைந்தபடியே, தனித் தொட்டியில் இருந்தது. இரும்பைத் தொடாது என்று அவர் எனக்குச் சொன்ன அந்தத் திரவத்துக்குள் இரும்புச் சாவியை இறக்கி, மின்சாரத்தைத் திறந்துவிட்டார்.

மாலை சாய்வதற்குள் பட்டறை வாசலில் அலுவலரின் ஜீப் வந்துவிட்டது. விடுமுறையென்றாலும் அன்று வேலைக்கு வந்திருந்த சிலர் கதவுக்கு உள்ளேயும், தேர் பார்த்துத் திரும்பியவர்கள் வெளியேயும் கூடியிருந்தார்கள். கம்பிக்கு உள்ளே லாரி நின்றது. ட்ரம் மூடிகளில் குங்குமம். முதலாளி பந்தலிலிருந்து அப்படியே வந்திருந்தார். புது வேட்டி, நெற்றியில் பிரசாதக் குங்குமம்.

அக்கா அவரிடம் அந்தத் தீபாவளி டப்பாவை நீட்டினார்.

"என்ன மேடம் இது, இந்த நேரத்துல?"

"உங்க டப்பாதான் சார். திருப்பித் தர நாளாயிருச்சு. தொறந்து பாருங்க."

உள்ளே வாழையிலையில் மடித்த பால்கோவா. அதன்மேல் சாவி, சாம்பல் கலந்த வெண்மையில் பளபளத்துக்கொண்டு.

"சாவி உங்களோடது. மேல பூசியிருக்கிற துத்தநாகமும் உங்களோடதுதான். எங்க கெணத்துக்குள்ள கெடந்துச்சு, எடுத்துட்டு வந்தேன்."

முதலாளி அலுவலரைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். "பால்கோவா எதுக்கு?" என்றார், வேறு என்ன கேட்பது என்று தெரியாதவராக.

"வெறும் பாத்திரத்தக் கொடுக்கக் கூடாதுல்லா?"

அவரேதான் கதவைத் திறக்க வேண்டியிருந்தது, காவலாளி இல்லை. பூச்சு ஏறிக் கனத்திருந்த சாவி பூட்டுக்குள் எளிதில் திரும்பவில்லை. டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் முறுக்கி, தன் ஆட்கள் பார்த்து நிற்க, வியர்த்து வழிந்து, அவர் அதைத் திறந்து முடிக்க வெகுநேரமாயிற்று. உதவிக்கு ஒருவரும் வரவில்லை. அக்கா கைகளைக் கட்டிக்கொண்டு அந்த நேரம் முழுவதையும் பார்த்தார். எனக்கும் அந்தக் காட்சி இனித்தது. நியாயத்தை எடைபோடுகிறவள் என்று என்னைப்பற்றி நினைத்திருந்தவள், அன்று தராசைக் கீழே வைத்துவிட்டு நின்றேன்.

பட்டறை மூடப்படவில்லை. அக்காவே மூடுவதற்கு எதிராக எழுதிக் கொடுத்தார். வேலை செய்கிறவர்கள் என்ன பாவம் செய்தார்கள் என்று கேட்டார். மாறாக, ஓடையில் கொட்டிய சேற்றை முதலாளி தன் செலவில் தோண்டி எடுத்து எங்கள் கூடத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று உத்தரவானது. அடுத்து வந்த கோடை முழுவதும் அது வந்துகொண்டிருந்தது. அவர் ட்ரம்கள் அதன்பின் காலியாகவே திரும்பின. செம்மண் சிமெண்டு ஆலைக்குப் போனது. ஓடை நீரின் வாடை மெல்லக் குறைந்தது. பொதுநலத்தின் பக்கம் நின்று பார்த்தால், எவரையும் வேலையிழக்கச் செய்யாமல், குற்றவாளியை மட்டும் பிரித்தெடுத்த ஒரு வெற்றி அது. பல கூட்டங்களில் நான் அதை அப்படித்தான் பேசியிருக்கிறேன்.

கூட்டங்களில் நான் சொல்லாதது ஒன்றுண்டு. தேரோட்டத்துக்கு மறுநாள், தோட்டத்துக் கிணற்றைத் தூர்வாரிக்கொண்டிருந்த தம்பிக்கு அக்கா வழக்கம்போலத் தூக்குவாளியில் சோறு அனுப்பினார். அந்தப் பணிப்பெண் அதைத் திரும்பக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து மூடியைத் திறந்தார். உள்ளே பார்த்தார். பிறகு, கண்ணை நம்பாதவரைப் போல, கையை விட்டு அடிவரை தடவினார்.

ஒன்றும் இல்லை. சோற்றுப் பருக்கைகூட ஒட்டாமல் தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மூடியை ஒழுங்காகப் பொருத்தி அனுப்பியிருந்தார் தம்பி. ஒரு வேப்பிலையைக் கிள்ளிப் போட அந்தத் தோட்டத்தில் மரமில்லாமல் இல்லை.

"சாப்புட்டாரா?" என்று பணிப்பெண்ணிடம் கேட்டேன்.

"நல்லாச் சாப்புட்டாவ. அக்கா கைப்பக்குவம்னு சொன்னாவ. வேற ஒண்ணும் சொல்லல."

அடுத்த நாளும் வாளி போனது; அதேபோல் கழுவி வந்தது. நான் அந்த வேலையை விட்டு வேறு ஊருக்குப் போகும்வரை அது தினமும் போய், தினமும் பளபளவென்று வெறுமையாக வந்தது. விடைபெற்ற அன்று, அவர் எப்போதும் போல மூடியைத் திறந்து, அடிவரை தடவி, கையை வெளியே எடுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இன்னும் எம்புட்டு நாளைக்குக்கா?" என்றேன்.

அவர் வாளியை நாளைக்காகக் கவிழ்த்து வைத்தார்.

"விட மாட்டான்ட்டி" என்றார். "என் ரத்தம்லா."